பதினொன்றா, பன்னிரண்டா?

மனிதர்களில் வாங்குபவர்கள் உண்டு, வாங்காதவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே, கடை வாசலில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றுகொண்டு, இரண்டு கையிலும் இரண்டு பொருளைப் பிடித்துத் தராசுத் தட்டு மாதிரி ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும் மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு. இவர்கள்தான் ஒப்பிடுவோர். கஞ்சர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சருக்குக் கையிலிருக்கும் காசு போய்விடக் கூடாது. இவர்களுக்குக் கையில் இல்லாத பொருள் போய்விடக் கூடாது. ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட வேண்டுமே! விட வேண்டிய அந்த இன்னொன்றின் மேல் இவர்கள் வைத்திருக்கும் பாசம், பெற்ற பிள்ளை மேல் கூட வைத்திருப்பார்களா என்பது சந்தேகம்.

இதில் பல பிரிவு. செருப்புக் கடையில் இடது காலில் ஒரு ஜோடியில் ஒன்றையும் வலது காலில் வேறு ஜோடியில் ஒன்றையும் மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் உலாத்துபவர் தொடக்க நிலை. மெத்தைக் கடையில் ஒவ்வொரு மெத்தையிலும் படுத்துப் பார்த்து ஏழாவதில் தூங்கிப் போனவர் நடுத்தரம். உச்சாணிக் கொம்பில் இருப்பவர் சைக்கிள்காரர். "சைக்கிள்தானே? ஏறி மிதித்தால் ஓடும், பிரேக்கைப் பிடித்தால் நிற்கும், இதில் ஒப்பிட என்ன கிடக்கிறது?" என்று நீங்கள் கேட்கிறீர்களா? அப்படியானால் உங்கள் வாழ்க்கை இதுவரை நிம்மதியாகக் கழிந்திருக்கிறது. வாழ்த்துகள்.

நம்முடைய ஆளைப் பார்ப்போம். வயது ஐம்பத்தாறு. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண்ணைச் சோதிப்பதும் அவரே, கண்ணாடி பொருத்துவதும் அவரே. ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் மிதிக்கும் நண்பர்கள் அவருக்கு வைத்த பெயர் அட்டவணையார். மரியாதைக்காக வைத்த 'ஆர்' அல்ல அது. பயத்தினால் வந்து ஒட்டிக்கொண்டது.

பதினாலு மாதத்துக்கு முன்னால் அவர் ஒரு ரோடு பைக்கின், அதாவது தார்ச்சாலையில் பறக்கிற லேசான சைக்கிளின், ஃப்ரேமை வாங்கினார். ஃப்ரேம் மட்டும். கருநீல நிறம், ஒரு கையால் தூக்கிவிடலாம். சக்கரமும் உட்காரும் சீட்டும் கூட வந்துவிட்டன. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று: குரூப்செட். அதாவது கியர், பிரேக், செயின், பல்சக்கரம், அவற்றையெல்லாம் கைப்பிடியில் இருந்தபடியே ஆட்டி வைக்கும் ஷிஃப்டர் என்று ஐந்தாறு பாகங்கள் ஒரே கம்பெனியில் கூடப் பிறந்து, ஒரே பெட்டியில் வந்து சேரும். ஒரு கம்பெனியின் ஷிஃப்டரை இன்னொரு கம்பெனியின் கியரோடு பூட்டினால், கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் சம்பந்தி வீட்டார் மாதிரி இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆகவே மொத்தமாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கம்பெனிகள் மூன்று. ஒவ்வொன்றிலும் நாலு தரம். வயரில் இழுப்பது ஒன்று, பேட்டரியில் இயங்குவது ஒன்று. பின்னால் பதினொரு பல்சக்கரமா, பன்னிரண்டா?

பதினாலு மாதம்! அந்த ஃப்ரேம் கூடத்துச் சுவரில் இரண்டு கொக்கியில் தொங்கியது. கடையிலும் ஃப்ரேம், வீட்டிலும் ஃப்ரேம். முதல் மாதம் அதை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு. நாலாவது மாதம் அவர் மனைவி அதைத் தூசி தட்ட ஆரம்பித்தார். எட்டாவது மாதம் மழை நாளில் ஈரத் துண்டு ஒன்று அதில் காய்ந்தது. பத்தாவது மாதத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் "துணி காயப்போட நல்ல ஏற்பாடா இருக்கே, எங்க வாங்கினீங்க?" என்று விசாரித்தார்கள்.

இதற்கிடையில் அட்டவணை வளர்ந்தது. ஒரு தாளில் ஆறு வரியாகப் பிறந்து, கம்ப்யூட்டருக்குக் குடிபெயர்ந்து, நாற்பத்து மூன்று வரியாகப் பெருத்தது. எடை, விலை, உதிரிபாகம் கிடைக்குமா, மழையில் எப்படி, வெயிலில் எப்படி, விரல் குட்டையானவருக்கு எப்படி, கையுறை போட்டால் எப்படி, கழற்றினால் எப்படி. சத்தத்துக்கென்றே மூன்று வரி: 'க்ளிக்', 'டக்', 'ஸ்ஸ்'. இதில் எது மனதுக்கு இதமானது என்று பத்துக்கு மதிப்பெண் வேறு. மதிப்பெண்ணெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒன்று முதலாவதாக வரத்தானே வேண்டும்? வந்தது. வந்தவுடன் இரண்டாவதாக வந்ததன் மேல் அவருக்கு இரக்கம் பிறந்தது. "பாவம், மழை வரியில நான் கொஞ்சம் கறாரா போட்டுட்டேன்" என்று அரை மதிப்பெண் ஏற்றினார். இப்போது அது முதலாவது. இறங்கியதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

அவருடைய மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவர். ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் இவர் ஆரம்பித்தார்.

"இங்க பாரேன், பெரிய சக்கரத்துல முப்பத்துநாலு பல்லு இருந்தா மலையில சுலபமா ஏறலாம். முப்பதுன்னா வேகம். நீ என்ன சொல்ற?"

"ஏங்க, காலையில இருந்து பல்லு ஆடுது, பல்லு கூசுது, பல்லு கொட்டுதுன்னு கேட்டுட்டு வர்றேன். வீட்டுக்கு வந்தும் பல்லா?"

"இது வேற பல்லும்மா."

"எந்தப் பல்லா இருந்தாலும் பிடுங்கிடுங்க."

அதோடு அந்த அம்மாள் சமையலறைக்குப் போனார். அங்கே மாவு நிறுக்கும் தராசின் மேல் ஒரு சைக்கிள் செயின் சுருண்டு படுத்திருந்தது.

இன்னொரு நாள் மைத்துனர் ஏணி இரவல் வாங்க வந்தார். வீட்டில் பல்பு மாற்ற வேண்டும், ஐந்து நிமிட வேலை. அட்டவணையார் மெக்கானிக்கிடம் கெஞ்சி வாங்கி வந்த பழைய ஷிஃப்டர் மூன்றை ஒரு துடைப்பக் கட்டையில் வரிசையாகப் பூட்டி வைத்திருந்தார். மூன்றும் மூன்று கம்பெனி. ஒன்றில் கியரை ஏற்ற ஒரு லீவர், இறக்க ஒரு லீவர். அடுத்ததில் ஒரே லீவர்தான்: லேசாகத் தட்டினால் இறங்கும், நீளமாகத் தள்ளினால் ஏறும். மூன்றாவதில் கட்டை விரலுக்கென்று ஒரு பொத்தான்.

"மச்சான், ஏணி..."

"ஏணி எங்கயும் ஓடிடாது. கண்ணை மூடு. இதை அமுக்கு. எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"இது?"

"இதுவும் நல்லா இருக்கு."

"இப்படிச் சொன்னா எப்படி? வித்தியாசம் தெரியலயா உனக்கு?"

"தெரியுது மச்சான். முதல்ல அமுக்கினப்போ வெளிச்சம் இருந்துச்சு. இப்ப கண்ணைத் திறந்தா இருட்டிடுச்சு."

கல்லூரியில் படிக்கும் மகள் இதையெல்லாம் ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, நீங்க அம்மாவைப் பெண் பார்க்கப் போனப்போ என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள். சமையலறைக்குள் பாத்திரம் விழுந்த சத்தம்தான் பதில். முடிவெடுத்தவர் அந்த அம்மாள். எடுத்தது பதினைந்து நிமிடத்தில்.

ஆனால் இதே மனிதரைக் கடையில் பார்க்க வேண்டும். அங்கே அவர் வேறு ஆள். எதிரே உட்கார்ந்தவர் கண்ணுக்கு முன்னால் கண்ணாடி வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா? இல்ல இதுவா?" என்று கேட்பார். யாராவது இழுத்தார்களோ, போச்சு. "ரெண்டும் ஒரே மாதிரிதான் சார் தெரியுது, இன்னொரு தடவை காட்டுங்களேன்" என்றார் ஒரு தையல்காரர். "ஒரே மாதிரி தெரிஞ்சா முதலாவதையே எடுத்துக்கணும். அதுக்கு மேல யோசிச்சா கண்ணு குழம்பும்" என்று சொல்லி, மூச்சு விடுவதற்குள் பவர் எண்ணை எழுதி முடித்துவிட்டார். பிறர் விஷயத்தில் அத்தனை வேகம். அத்தனை துல்லியம்.

மாதம் இரண்டு முறை மெக்கானிக் அக்காவின் பட்டறைக்குப் போவார். அறுபதை நெருங்குகிற பெண்மணி. நகக்கண்ணில் கிரீஸ். மூக்கு நுனியில் இவர் செய்து கொடுத்த கண்ணாடி. எவர் என்ன பேசினாலும் கை வேலையை நிறுத்தாது, தலை நிமிராது.

"அக்கா, ஒரு சின்ன சந்தேகம்."

"பேட்டரியா வயரா?"

"அதுல கிட்டத்தட்ட முடிவுக்கு வந்துட்டேன்."

"போன மாசமும் வந்தீங்க."

"இல்லக்கா, இது வேற முடிவு."

"தம்பி, மூணுமே கியர் மாத்தும். மூணுமே பிரேக் பிடிக்கும். எதைச் சொன்னாலும் ரெண்டு நாள்ல பூட்டித் தர்றேன். சும்மா வாய்ல சொல்லுங்க, போதும்."

"இருநூறு கிராம் வித்தியாசம் வருதேக்கா."

அக்கா அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். கண்ணாடிக்கு மேலாக அட்டவணையாருடைய தொந்தியை ஒரு முறை பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார். இதைவிட மரியாதையாக ஒருவரும் ஒரு கருத்தைச் சொல்ல முடியாது.

இப்படியே போயிருந்தால் போயிருக்கும். யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் தபால்காரர் ஒருவர் இருந்தார்.

தபால்காரரும் அட்டவணையாரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. முப்பத்திரண்டு வருடமாக அந்தப் பகுதிக்குக் கடிதம் கொண்டு போடுபவர். மூன்று கியர் உள்ள கனத்த சைக்கிள், பின்னால் பை. அவர் முழங்காலைக் கெடுத்தது சைக்கிள் அல்ல, மாடிப்படி. நாலு மாடி ஏறி மணியடித்தால் "கீழ வீட்டுக்குங்க" என்று கதவைச் சாத்துவார்கள். அப்படி முப்பத்திரண்டு வருடம் ஏறி இறங்கியதில் வலது முழங்காலில் எலும்போடு எலும்பு உரச ஆரம்பித்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடைக்குள் வந்து கடிதங்களை மேசையில் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை நேராக நீட்டிக்கொண்டார்.

"ஆப்பரேஷன்தான் ஒரே வழிங்கறாங்க. அடுத்த மாசம்."

அட்டவணையார் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தார். "ரொம்ப மோசமாயிடுச்சாடா?"

"அதை விடு. ஆப்பரேஷனுக்கு அப்புறம் சமதரையில மிதிக்கலாமாம். மலை கிலையெல்லாம் மறந்துடணுமாம். தண்ணித்தொட்டி மலைக்கு நாம ரெண்டு பேரும் போகலாம் போகலாம்னு எத்தனை வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கோம்? உன் பழைய வண்டியை வித்துட்டு, 'புதுசு பூட்டிட்டு வர்றேன், அப்புறம் போகலாம்'னு நீ சொன்னது போன வருஷம்."

"பூட்டிடறேன்டா. எப்பப் போகணும்?"

"மூணு வாரம் கழிச்சு வர்ற ஞாயிறு. அதுக்கு மேல என் முட்டி தாங்காது."

"வண்டி ரெடியா இருக்கும். என்னை நம்பு."

நம்பினார். பெஞ்சுத் தோழன் வேறு என்ன செய்வார்?

முதல் வாரம் அட்டவணையார் உண்மையிலேயே மும்முரமானார். பன்னிரண்டு தரத்தில் ஒன்பதைக் கழித்துக்கட்டினார். ஒவ்வொன்றையும் அழிக்கும்போது ஒரு நிமிடம் மௌனமாக இருந்தார் என்று மகள் சத்தியம் செய்கிறாள். இரண்டாவது வாரம் மூன்று இரண்டாயிற்று. மூன்றாவது வாரம் வியாழக்கிழமை காலையில், எண்ணெய் தேய்த்துக் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஏதோ பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போகிறவர் மாதிரி பட்டறைக்குப் புறப்பட்டார். முடிவு செய்தாகிவிட்டது. ஒன்று! ஒரே ஒன்று!

"அக்கா, எழுதிக்குங்க" என்றார்.

அக்கா பென்சிலைக் கையில் எடுத்துவிட்டார். எடுத்தவர் எழுதியிருப்பார். பஞ்சர் ஒட்டக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஒரு மருந்துக் கடைக்காரர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், பேச்சுத் துணைக்காக வாயைத் திறந்தார்.

"அதுவா சார் வாங்கறீங்க? அதுல புது மாடல் ரெண்டு மாசத்துல வருதாமே."

அட்டவணையாரின் முகம் மின்சாரம் போன வீடு மாதிரி ஆயிற்று.

"யார் சொன்னா?"

"எங்கயோ படிச்சேன். வராமலும் இருக்கலாம்."

வராமலும் இருக்கலாம்! ஒப்பிடுவோரை வீழ்த்த இதைவிடக் கொடிய ஆயுதம் கிடையாது. வருகிறது என்றால் காத்திருக்கலாம், வராது என்றால் வாங்கிவிடலாம். வராமலும் இருக்கலாம் என்றால் என்ன செய்வது? அக்கா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "எழுதிக்கவா, வேணாமா?" என்று கேட்டபோது வாசலில் ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை முழுவதும் புது மாடலைப் பற்றித் தேடினார். வரும் என்று எட்டுப் பேர், வராது என்று எட்டுப் பேர். சனிக்கிழமை சாயங்காலம் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கூடத்தில் உட்கார்ந்து தபால்காரரைக் கூப்பிட்டார். மனைவி பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"டேய், ஒண்ணும் தப்பா நினைக்காத. வண்டி இன்னும் ஆகலை. புதுசா ஒண்ணு வருதுங்கறாங்க, அதைப் பார்க்காம பூட்டினா அப்புறம் வருத்தமாயிடும். ஒரு ரெண்டு மாசம் தள்ளிப் போட்டுக்கலாமா?"

"சரிடா" என்றார் தபால்காரர். அவ்வளவுதான். திட்டவில்லை. "ஏன்டா" என்று கூடக் கேட்கவில்லை. அந்தச் 'சரிடா'வில், நாலு மாடி ஏறி வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி இறங்குகிற ஒருவர் இருந்தார்.

அட்டவணையார் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மனைவி மடித்த சட்டையை மடியில் வைத்தார்.

"ஏங்க, உங்க கியர் ரெண்டு மாசம் இல்ல, ரெண்டு வருஷம் கூடக் காத்திருக்கும். அவர் முட்டி காத்திருக்குமா?"

"அதான் சரின்னுட்டானே."

"அவர் என்னைக்கு உங்களுக்கு இல்லன்னு சொல்லியிருக்கார்?"

மனைவியின் குரல் உயரவில்லை. அட்டவணையாருக்கு எங்கே போய் ஒளிந்துகொள்வது என்று தெரியவில்லை. நாற்பத்து மூன்று வரியில் ஒரு வரி கூட அந்த முழங்காலுக்கு இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் ஞாயிறு. பொழுது விடிந்து காபி குடிக்கும் நேரத்தில் பட்டறை மாடியில் குடியிருக்கும் மெக்கானிக் அக்காவின் கதவைத் தட்டினார்.

"அக்கா, ஒரு வண்டி வேணும். எதுவா இருந்தாலும் சரி."

அக்கா காதில் சரியாக விழவில்லையோ என்று இன்னொரு முறை கேட்டார். "எதுவா இருந்தாலுமா?"

"எதுவா இருந்தாலும்."

"காய்ச்சல் இல்லையே தம்பி?"

அக்கா தன் சொந்த வண்டியையே உருட்டிக்கொண்டு வந்தார். முப்பது வருடப் பழசு. கியர் லீவர் கைப்பிடியில் இல்லை. கீழே ஃப்ரேமில் கட்டை விரல் அளவுக்கு இரண்டு குச்சி நீட்டிக்கொண்டிருந்தன. க்ளிக்கும் கிடையாது, டக்கும் கிடையாது. குனிந்து குச்சியைக் கொஞ்சம் தள்ள வேண்டும். செயின் சரியான சக்கரத்தில் உட்கார்ந்ததா என்பதைக் காதால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கரகரவென்றால் உட்காரவில்லை. அமைதியானால் உட்கார்ந்துவிட்டது.

தபால்காரர் வீட்டு வாசலில் போய் மணியடித்தார். லுங்கியோடு வந்து கதவைத் திறந்த தபால்காரர் ஆளையும் பார்த்தார், வண்டியையும் பார்த்தார்.

"இதுதான் பதினாலு மாசமா தேடிக் கண்டுபிடிச்சதா?"

"வாயை மூடிட்டு வண்டியை எட்றா."

தண்ணித்தொட்டி மலைக்குப் பதினொரு வளைவு. முதல் வளைவில் அட்டவணையார் குச்சியை ஒரேயடியாகத் தள்ளிவிட, செயின் கழன்று தொங்கியது. இரண்டாவதில் ஏற வேண்டிய கியர் இறங்கி, கால் காற்றைச் சுற்றியது. பின்னால் மூன்று கியரோடு ஆடி அசைந்து வந்த தபால்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அட்டவணையில எத்தனாவது வரிடா இது?" என்று கத்தினார். மூன்றாவதில் இவரும் சிரித்துவிட்டார். ஐந்தாவது வளைவுக்குள் கைக்குப் பிடிபட்டுவிட்டது. ஒரு இழை தள்ளுவது, காது கொடுப்பது, மிதிப்பது. பின்னால் எத்தனை பல்சக்கரம் இருக்கிறது என்று அவர் எண்ணிப் பார்க்கவே இல்லை. இதைப் பிற்பாடு அவரே சொன்னபோது அவருக்கே நம்பிக்கை வரவில்லை.

ஏழாவது வளைவில் தபால்காரர் இறங்கிவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"நீ மிதிச்சுட்டுப் போ. நான் மெதுவா வர்றேன்."

அட்டவணையார் தானும் இறங்கினார். மிச்ச நாலு வளைவும் இரண்டு பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். பத்தடிக்கு ஒரு முறை தபால்காரர் நின்றார். அவர் நிற்கும் போதெல்லாம் இவர் ஷூவுக்குள் கல் போய்விட்ட மாதிரி குனிந்து உதறிக்கொண்டார். கட்டிய ஷூவுக்குள் அத்தனை தடவை கல் எப்படிப் போகும் என்று தபால்காரரும் கேட்கவில்லை.

உச்சியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்கள். கீழே தெருக்கள் கோடு கோடாகத் தெரிந்தன. தான் கடிதம் போடும் தெருக்களை ஒவ்வொன்றாகத் தபால்காரர் விரலால் தொட்டுக் காட்டினார்.

"டேய், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

தபால்காரர் பின்பாக்கெட்டிலிருந்து நாலாக மடித்த காகிதம் இரண்டை எடுத்தார். "ரெண்டு டாக்டரைப் பார்த்தேன். ஒருத்தர் முட்டியை முழுசா மாத்தணும்ங்கறார். இன்னொருத்தர் பாதி மாத்தினாப் போதும்ங்கறார். ரெண்டு இடத்துலயும் தேதி வாங்கியிருக்கேன். இந்தப் புதன் அங்க, அடுத்த புதன் இங்க."

"ரெண்டு இடத்துலயுமா!"

"நாலு வருஷமா இதே கதைதான். தேதி வாங்குவேன், முதல் நாள் போன் பண்ணி வேணாம்ன்னுடுவேன். முழுசா பாதியா, முழுசா பாதியான்னு படி ஏறும்போதெல்லாம் இதே யோசனை. உன்னை அட்டவணைன்னு கிண்டல் பண்றப்போ எனக்கு உள்ளுக்குள்ள எப்படி இருக்கும் தெரியுமா?"

அட்டவணையார் சிரிக்கவில்லை. கடையில் நாற்காலியில் உட்கார்ந்தவரைப் பார்ப்பது போல நண்பனைப் பார்த்தார்.

"உன் முட்டியைத் தொட்டுப் பார்த்தது யாரு?"

"முழுசா மாத்தணும்ன்னாரே, அவர். அரை மணி நேரம் மடக்கி நீட்டி, நடக்கச் சொல்லிப் பார்த்தார். மத்தவர் படத்தை மட்டும்தான் பார்த்தார்."

"அப்போ தொட்டவர்கிட்ட போ. முடிஞ்சது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இன்னொருத்தருக்கு இப்பவே போன் பண்ணி வேணாம்னு சொல்லு."

தபால்காரர் அங்கேயே, அந்தக் காற்றில், காதைப் பொத்திக்கொண்டு போன் பண்ணிச் சொன்னார். சொல்லி முடித்து நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு திரும்பினார்.

"இப்ப நீ. என்னென்ன மிச்சம் இருக்கு?"

"ரெண்டு. முதலாவது பேட்டரி, பதினொண்ணு. ரெண்டாவது வயர், பன்னிரண்டு. ஆனா பாரு, முதலாவதுல என்னன்னா..."

"ரெண்டாவது."

"ஏன்?"

"ஏன்னு நான் உன்னைக் கேட்டேனா?"

அட்டவணையாருக்கு முதுகிலிருந்து யாரோ ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கூடவே முதலாவதை நினைத்து ஒரு சின்ன வலி. அது போகவில்லை. ஆனால் தாங்கக்கூடியதாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் பட்டறைக்குப் போய் "ரெண்டாவது" என்றார். அக்கா எழுதிக்கொண்டார். பென்சிலைத் தூக்குவதற்கு முன் அந்த இடத்தைச் சுற்றிலும் ஒரு முறை பார்த்தார், ஸ்டூலில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று. வண்டி சொன்னபடி இரண்டு நாளில் பூட்டப்பட்டு வந்தது. அது நன்றாக ஓடுகிறதா என்கிறீர்களா? நன்றாக ஓடுகிறது. மூன்றில் எதைப் பூட்டியிருந்தாலும் இப்படித்தான் ஓடியிருக்கும் என்று அக்கா யாரிடமோ சொன்னதை, நல்ல வேளையாக அவர் கேட்கவில்லை.

புதன்கிழமை ஆப்பரேஷனும் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் அட்டவணையார் ஆஸ்பத்திரிக்குப் போனார். திருந்தியிருப்பார் என்று எதிர்பார்க்கிறீர்களா? சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நண்பன் பிடித்துக்கொண்டு நடப்பதற்கான வாக்கர்: சக்கரம் வைத்தது, சக்கரம் இல்லாதது, மடக்குவது, மடக்க முடியாதது. ஒரு பகலுக்குள் பத்தொன்பது வரி. "இதுல கைப்பிடி ரப்பர் எப்படின்னா..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள், நர்ஸ் ஒருவர் வராந்தாவில் கைக்கு எட்டிய வாக்கரை இழுத்து வந்து கட்டிலருகே வைத்து, "எந்திரிங்க அண்ணே, நடக்கலாம்" என்றார். தபால்காரர் எழுந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஓரடி வைத்தார். இன்னோரடி வைத்தார். தாளை மடித்து உள்ளே வைத்துவிட்டு, அட்டவணையார் நண்பனின் முதுகுக்குப் பின்னால் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு, வராந்தாவின் கடைசி வரை கூடவே நடந்தார்.

சிரித்து முடித்தாயிற்றா? நல்லது. எனக்கென்ன, சைக்கிளா இருக்கிறது, நான் இந்த ரகத்தில் சேர்த்தியே இல்லை என்று நினைத்துக்கொள்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் பெயின்டர் ஒருவர் வந்து, மாதிரிக்கென்று உள்ளங்கை அகலத்துக்கு நாலு நிறத்தில் நாலு சதுரம் பூசி, "எதுன்னு மட்டும் சொல்லி அனுப்புங்க, மறுநாளே வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாரே, சந்தன நிறமா தந்த நிறமா? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். அந்த நாலு சதுரத்தையும் மறைக்கத்தான் அங்கே ஒரு காலண்டரை மாட்டியிருக்கிறீர்கள் என்பதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அது போன வருடத்துக் காலண்டர் என்பதையும்தான்.